விடியற்காலை மூச்சுக் கணக்கு

"லாப் அண்ணன், பாலில் தண்ணீர் சேர்த்தீர்களா?"

பால் சேகரிக்கும் இடத்தில், ஏழெட்டுப் பேர் வாளியோடு நின்ற வரிசையில், இப்படிக் கேட்டவன் என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பையன். ஒன்பதாம் வகுப்பில் அவன் உடைத்த முகவைக்கு, 'ஏற்கெனவே வெடித்திருந்தது' என்று பதிவேட்டில் எழுதிக் காப்பாற்றியவன் நான். இருபத்தேழு வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதனைக்குழாய் கழுவி, அமிலப் போத்தல் அடுக்கி, ஓய்வு பெற்று வந்து நான்கு மாடு வளர்க்கிறேன். மட்டக்களப்புச் சித்தாண்டியில் பலருக்கு என் பெயர் தெரியாது. லாப் அண்ணன் என்றால் தெரியும்.

அது ஆனி மாதக் கடைசி. அவன் நீட்டிய துண்டில் கொழுப்பு 3.5 என்று இருந்தது. போன மாதம் 4.3. கொழுப்பற்ற திண்மம், அதாவது பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சுவது, 8.5இலிருந்து 8.0க்கு இறங்கியிருந்தது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் தண்ணீர் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார் பாருங்கள், அந்தச் செருமல் வீடு வரை என்னோடு சைக்கிளில் வந்தது.

வீட்டுக்கு வந்து முதலில் புண்ணாக்குக் கடைக்காரரைத் திட்டினேன். அடுத்த நாள் புண்ணாக்கை மாற்றினேன். நான்காம் நாள் பால் அரை லீற்றர் கூடியது. அப்படியென்றால் புண்ணாக்குத்தான் காரணம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஏழாம் நாள் ஒன்றரை லீற்றர் குறைந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய பேச்சு.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிற என் மருமகள், அக்காவின் மகள், அந்த வாரம் வந்திருந்தாள். கொட்டிலுக்குள் போனவள் ஒரு நிமிடத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மாமா, உங்களுக்கே உள்ளே நிற்க முடிகிறதா? மாடு வெக்கையில் அவிகிறது" என்றாள். நான் நம்பவில்லை. மட்டக்களப்பில் மாட்டுக்கு வெக்கை புதிதா? எங்கள் அப்பா காலத்து மாடுகள் வெயிலில் மேய்ந்துதானே பால் தந்தன என்றேன். "அவை நாட்டு மாடுகள், மாமா. இது ஜேர்சிக் கலப்பு" என்றாள். பிறகு என் சீ.ஆர். கொப்பியில் ஒரு சூத்திரம் எழுதித் தந்துவிட்டுப் போனாள்.

உலர்குமிழ் வெப்பநிலையையும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் செல்சியஸில் கூட்டு. 0.72ஆல் பெருக்கு. 40.6ஐச் சேர். வருவது வெப்ப ஈரப்பதச் சுட்டெண். 72க்கு மேலே போனால் கறவை மாட்டுக்குத் தொல்லை தொடங்குகிறது.

இது என் தொழில். ஈரக்குமிழ் வெப்பமானி செய்ய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வெப்பமானிகளை ஒரு பலகையில் கட்டினேன். ஒன்றின் குமிழில் விளக்குத் திரியைச் சுற்றி, திரியின் மறு நுனியை யோகட் கோப்பைத் தண்ணீருக்குள் விட்டேன். திரியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று காய்ந்திருந்தால் நிறையக் குளிரும். ஈரமாக இருந்தால் கொஞ்சமாகக் குளிரும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

முதல் நாள் பின்னேரம் இரண்டு மணி: 33, 28. கூட்டினால் 61. சுட்டெண் 84.5. சரி, பகல்தானே என்று விட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். 26, 25. சுட்டெண் 77.3.

விடியற்காலை ஐந்து மணிக்கே 77 என்றால் 72 எப்போது வரும்? ஒரு வருடம் காத்திருந்தேன். மார்கழி அடைமழையில் ஓர் இரவு 22, 21 என்று வந்து 71.6 காட்டியது. ஆண்டு முழுக்க என் கொப்பியில் 72க்குக் கீழே உள்ள எண் அது ஒன்றுதான். அந்தச் சுட்டெண்ணின்படி என் மாடுகள் ஒரே ஓர் இரவு சுகமாக இருந்திருக்கின்றன. நெருப்பு அலாரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால், எப்போது நெருப்புப் பிடித்தது என்று எப்படித் தெரியும்?

கிண்டிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை அகப்பட்டது. 1959இல் அமெரிக்க வானிலைப் பணியகத்தைச் சேர்ந்த தோம் என்பவர் மனிதர்களுக்காக ஓர் அசௌகரியச் சுட்டெண் வெளியிட்டார். பரனைற்றில் இரண்டு வெப்பநிலைகளையும் கூட்டி 0.4ஆல் பெருக்கி 15ஐச் சேர்ப்பது அவருடைய கணக்கு. அதை நான் செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்தேன். 0.72, 40.6. தசமம் பிசகாமல் மருமகள் எழுதித் தந்த அதே சூத்திரம்! மேசையில் இருந்து வேலை செய்கிற எழுத்தருக்கு எப்போது வேர்க்கும் என்று பார்க்கச் செய்த கணக்கை எடுத்து மாட்டின் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். 72 என்ற எல்லை அமெரிக்காவின் மிசூரியில், காலநிலையைக் கட்டுப்படுத்திய அறைகளுக்குள் பிரீசியன் இன மாடுகளை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்தது. நாளுக்கு 35 கிலோவுக்கு மேல் கறக்கிற மாட்டுக்கு 72 போதாது, 68இலேயே தொல்லை தொடங்குகிறது என்று அரிசோனாக்காரர்கள் பிறகு சொன்னார்கள். கறக்கக் கறக்க மாட்டின் உள்ளே எரியும் அடுப்பும் பெரிதாகிறது என்பதால் அது நியாயம்தான். என் சிவப்பி நல்ல நாளில் 9 லீற்றர். அவளுக்கு எது எல்லை என்று எந்த அறையிலும் யாரும் பார்த்ததில்லை.

சூத்திரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் மட்டும் பார்க்கிறது. காற்று வீசுகிறதா என்று அதற்குத் தெரியாது. தலைக்கு மேலே தகரம் இருக்கிறதா, மாமரம் இருக்கிறதா என்றும் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள மேசைப்பந்து ஒன்று வாங்கினேன். மகனுடைய பழைய பந்துகள் எல்லாம் நசிந்திருந்தன. பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சுப் பூசி, துளையிட்டு, வெப்பமானியை நடுவில் நிற்கும்படி சொருகி, மாட்டின் முதுகு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். காற்றின் சூட்டோடு, மேலே இருந்து இறங்கும் கதிர்ச்சூட்டையும் கறுப்புப் பந்து வாங்கிக் காட்டும். ஆய்வுக்காரர்கள் 15 சென்ரிமீற்றர் செப்புக் கோளம் பாவிப்பார்கள். 1981இல் புளோரிடாவில் இந்தக் கறுப்புக் கோளத்தை வைத்தே மாட்டுக்கென்று தனிச் சுட்டெண் ஒன்றும் செய்தார்கள். என் பந்து அந்தக் கோளத்துக்கு ஈடாகாது. ஆனால் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட அது போதும்.

பகல் பன்னிரண்டரைக்குக் காற்று இரண்டு இடத்திலும் 34 பாகை. மாமரத்தின் கீழே பந்து 35 காட்டியது. கொட்டிலுக்குள் 41.

அந்தக் கொட்டில் ஓர் உதவித் திட்டத்தில் கிடைத்தது. சீமெந்துத் தரை, மூன்று பக்கச் சுவர், ஏழடி உயரத்தில் தகரம். படம் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டி முடித்த அன்று நானும் தகரத்தைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். அதற்கு முன்பு இருந்த கிடுகுக் கொட்டிலைப் பிரித்து அடுப்பெரித்தோம். கையிலிருந்த வெண்ணெயை எறிந்துவிட்டு நெய்க்கு அலைந்த கதை.

சரி, இடத்தை அளந்தாகிவிட்டது. மாட்டை எப்படி அளப்பது?

முதலில் உடல் வெப்பம். மருந்துக் கடையில் வாங்கிய டிஜிட்டல் வெப்பமானியில் நூல் கட்டி, நூலின் மறு நுனியில் உடுப்புக் கொழுவும் கிளிப்பைக் கட்டி, அந்தக் கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெப்பமானி சாணத்தோடு போய்விடும். எனக்கு ஒன்று போனது. குதத்தின் சுவரில் நுனி முட்டி நிற்க வேண்டும். சாணத்துக்குள் குத்தினால் சாணத்தின் சூட்டைத்தான் படிப்பீர்கள். பசுவுக்குச் சாதாரணமாக 101.5 பரனைற்று, அதாவது 38.6 செல்சியஸ் அளவில் இருக்கும். நான் பகல் ஒரு மணிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, 102.2தானே, பெரிய விசயமில்லை என்று இருந்தேன். ஒருநாள் வேலையாகி மாலை ஆறு மணிக்கு வைத்தேன். 103.6. வெயில் இறங்கி, காகம் எல்லாம் கூட்டுக்குப் போன பிறகு! மாட்டின் உடம்பு பெரிய பானை மாதிரி. காற்று சூடாகி மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே உச்சம் வருகிறது. நண்பகலில் அளந்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறவன் ஏமாந்தவன்.

கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த துவக்கு மாதிரியான வெப்பமானியையும் விடவில்லை. மயிர் மேல் பிடித்தால் ஒன்று, காதுக்குள் பிடித்தால் ஒன்று, சேற்றில் படுத்து எழுந்திருந்தால் இன்னொன்று. எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது மூச்சு. அதற்குக் காசு இல்லை, மாட்டைத் தொடவும் வேண்டாம். பசு ஆறுதலாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 20இலிருந்து 40 வரை மூச்சு விடும். 60ஐத் தாண்டினால் வெக்கை பிடித்துவிட்டது. 80க்கு மேலே கவனம் வேண்டும். 120 என்றால் மிருக வைத்தியரைத் தேடி ஓட வேண்டியதுதான். எண்ணிக்கையோடு முகத்தையும் பார்க்க வேண்டும். வாய் மூடி மெதுவாக இளைக்கிறதா, வீணி ஒழுகுகிறதா, வாய் திறந்துவிட்டதா, கழுத்தை நீட்டி நாக்கை வெளியே தள்ளிவிட்டதா என்று படிப்படியாகப் புள்ளி போடும் முறையும் உண்டு. நாக்கு வெளியே தொங்குவது கடைசிப் படி.

எண்ணுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். கிட்டப் போனால் மாடு உங்களைப் பார்த்து மூச்சை மாற்றிவிடும். நான் பக்கவாட்டில் ஆறேழு அடி தள்ளி, கையில் கயிறும் வாளியும் இல்லாமல், சும்மா நிற்கிற மனிதன் மாதிரி நிற்பேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று. ஈ குத்தும்போது தோல் சிலிர்ப்பதை மூச்சு என்று எண்ணிவிடக் கூடாது. வால் சுழன்று வந்து விலாவை மறைக்கும்போது கணக்குத் தவறும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு தவறு நான்கு தவறாகும் என்பதால், நான் முழு நிமிடம் எண்ணுகிறேன். நடந்து வந்த மாட்டை உடனே எண்ணாமல், பத்து நிமிடமாவது நிற்கவிட்டுத் தொடங்குவேன்.

"மாட்டுக்கு முன்னால் நின்று தியானம் பண்ணுகிறார்" என்று மனைவி பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லியிருக்கிறாள். அவளையும் ஒருநாள் எண்ணவைத்தேன். என்னுடைய எண் 76, அவளுடையது 77. அடுத்த நாள் என்னுடையது 82, அவளுடையது 82. கால்நூற்றாண்டு அரிசியில் கல் பொறுக்கிய கண்.

கொப்பி நிரம்ப நிரம்பச் சில விசயங்கள் தெளிந்தன.

வைகாசியிலிருந்து ஆவணி வரை எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். (வறுத்துக் கொறிக்கிற கச்சானும் எங்களுக்குக் கச்சான்தான். குழம்பிக்கொள்ள வேண்டாம்.) தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அப்படி ஒருநாள் இரண்டு மணிக்கு வெப்பமானி 36, ஈரக்குமிழ் 25. கூட்டினால் 61. சுட்டெண் 84.5. மேலே எழுதிய 33, 28 நாளுக்கும் அதே 61, அதே 84.5! சூத்திரத்துக்கு இரண்டும் ஒரே நாள். ஆனால் முதல் நாள் இரு குமிழுக்கும் வித்தியாசம் 5. கச்சான் நாளில் 11.

புழுக்க நாளில் நான் ஒரு பிழை செய்தேன். மூன்று பக்கம் சுவர் அடைத்த கொட்டிலுக்குள் மாடுகளை நிறுத்தி, பூவாளியால் மேலெல்லாம் தெளித்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. அரை மணி கழித்து எண்ணினால் சிவப்பிக்கு 84 இருந்தது 96 ஆகியிருந்தது. சீமெந்துத் தரையிலிருந்து ஆவி எழும்பியது. காற்று அசையாத இடத்தில் தண்ணீர் எங்கே போகும்? மயிர் மேல் மெல்லிய நீர்ப்படலம் நின்று, உள்ளே இருந்த சூட்டையும் மூடிவிட்டது. இடியப்பச் சட்டிக்குள் மாட்டை வைத்து அவித்திருக்கிறேன்.

கச்சான் நாளில் அதே சிவப்பியை மாமரத்துக்குக் கீழே, காற்று குறுக்கே போகிற இடத்தில் கட்டி, தோல் வரை நனையும்படி இரண்டு வாளி ஊற்றிவிட்டு விட்டேன். 86 இருந்தது இருபது நிமிடத்தில் 58. வித்தியாசம் 11 இருக்கும்போது ஆவியாவதற்குக் காற்றில் இடம் இருக்கிறது. வித்தியாசம் 5 என்றால் விசிறி வேண்டும், திறந்த சுவர் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர்ப் பக்கம் போகாமல் நிழலில் விட்டுவிடலாம். இப்போது நான் சுட்டெண்ணைக் கணக்குப் போடுவதில்லை. இரண்டு குமிழையும் பார்த்து, நடுவில் எத்தனை என்று மட்டும் கழிக்கிறேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். என் கொட்டிலில் அது மூச்சுக்கும் பொருந்தியது. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தகரத்தின் கீழே: ஜேர்சிக் கலப்பு சிவப்பிக்கு 88, பிரீசியன் கலப்பு கறுப்பிக்கு 94, நாட்டு மாடு மயிலைக்கு 44. மயிலை கண்ணை மூடி இரை மீட்டுக்கொண்டிருந்தாள். நாட்டு மாட்டுக்குத் தோல் தளர்வு, மயிர் குட்டை, வேர்வை நன்றாக வரும், கறப்பது ஒன்றரை லீற்றர் என்பதால் உள்ளே எரிவதும் குறைவு. என் தம்பியின் நாட்டு மாட்டுப் பட்டி பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்படும்போது மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் போய்விடும். அவன் வெப்பமானியைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுடைய கவலை மாட்டுக்கு எத்தனை பாகை என்பதில்லை, மேய இடம் இருக்குமா என்பது. 2023 புரட்டாதியில் எங்கள் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக வீதியோரம் குந்திய கதை ஊரறிந்தது. அதை எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

ஏறாவூரிலிருந்து தயிருக்குப் பால் எடுக்க வருகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எருமைக்கு மூச்சு எண்ணியிருக்கிறாரா என்று கேட்டேன். "எண்ணுவதா? குளத்துக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது தம்பி, விலாவை எங்கே பார்ப்பது?" என்றார். எருமைக்குக் கறுப்புத் தோல், வேர்வைச் சுரப்பியும் குறைவு. குளம் வற்றினால்தான் அதற்கு ஆபத்து. மாட்டை வெக்கை மட்டும் கொல்வதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022 மார்கழியில் மன்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. அன்று என் சிவப்பிக்குச் சாக்குப் போர்த்திவிட்டு விடிய விடிய இருந்தேன்.

பாலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. பாலளவையும் மூச்சையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது இரண்டும் சேரவேயில்லை. மூச்சு 90 ஓடிய நாளில் பால் ஒழுங்காக இருந்தது. மூச்சு குறைந்த நாளில் பால் விழுந்தது. பால் வரியை இரண்டு நாள் பின்னுக்குத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. இன்றைக்கு வெக்கையில் தீன் தின்னாத மாடு நாளை மறுநாள்தான் வாளியில் குறைக்கிறது. நான் புண்ணாக்கை மாற்றி நான்காம் நாள் பால் கூடியதன் இரகசியமும் அதுதான்: அதற்கு இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது. புண்ணாக்குக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் திட்டியதே ஞாபகம் இல்லை.

கொழுப்புக் குறைந்ததற்கும் காரணம் இருந்தது. வெக்கையில் மாடு புல்லைக் குறைத்து, தவிட்டையும் புண்ணாக்கையும் மட்டும் நக்கித் தின்கிறது. இரை மீட்பதும் குறைகிறது. இளைக்க இளைக்கக் கரியமிலவாயு கூடுதலாக வெளியேறி இரத்தத்தின் நிலை மாறுகிறது. இரைப்பையில் புளிப்பைச் சமன் செய்ய வேண்டிய வீணி தரையில் ஒழுகிப் போகிறது. வயிறு புளித்தால் பாலில் கொழுப்பு எப்படி வரும்? மிருக வைத்தியர் சொன்ன அளவில் இப்போது தவிட்டோடு அப்பச்சோடா சேர்க்கிறேன். புல்லை மாலை ஏழு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் போடுகிறேன். தின்றது இரைப்பையில் நொதிக்கும்போதும் சூடு பிறக்கும். அந்தச் சூடு இரவில் பிறக்கட்டும்.

தண்ணீரும் ஒரு பாடம். முற்றத்தில் நின்ற கறுப்புத் தாங்கியிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கு விட்டிருந்தேன். சிவப்பி மூக்கை வைத்துவிட்டு எடுத்துவிடுவாள். பால் குறைந்ததைவிட அவள் தண்ணீரை வெறுத்ததுதான் எனக்கு மர்மமாக இருந்தது. ஒருநாள் கையை விட்டுப் பார்த்து உடனே எடுத்தேன். 41 பாகை. குளிக்கக்கூடக் காயும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினேன். தலையைத் தூக்காமல் குடித்தாள். தொண்டையில் மிடறு மிடறாக இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணுவது பழகிப்போய்விட்டது.

ஆனாலும் விடியற்காலை எண்தான் என்னை உலுக்கியது. நண்பகலில் எல்லா மாடும் இளைக்கும்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரவு முழுக்க ஆறி, விடியும்போது மூச்சு பழைய நிலைக்கு வந்துவிட்டால் மாடு தாங்கும். சிவப்பிக்கு ஐந்து மணிக்கு 64. வெளியே காற்று 26 பாகை. இருட்டில் கைவிளக்கோடு நின்று எண்ணுகிறேன், அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். படுக்கவில்லை. படுத்தால் சூடு வெளியேற உடம்பின் பரப்புக் குறையும் என்று நின்றே இரவைக் கழித்திருக்கிறாள். கால்கள் மாறி மாறித் தாங்கின.

காரணம் நான். மாடு களவு போகிறது என்று இரவில் கொட்டில் வாசலைப் பலகையால் அடைத்து, பூட்டுப் போட்டு, நுளம்புக்குப் புகையும் போட்டுவிட்டுப் படுப்பேன். நான்கு மாட்டின் சூடும் மூச்சும் மூத்திர ஆவியும் புகையும் உள்ளே. கள்வனிடமிருந்து காப்பாற்றி நானே வதைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இரவில் மாடுகள் முற்றத்தில், வானம் பார்த்து நிற்கின்றன. திண்ணையில் பாய் விரித்து நான் காவல். ஒரு வாரத்தில் ஐந்து மணி மூச்சு 64இலிருந்து 42க்கு வந்தது. பிறகு இரண்டு பக்கச் சுவரை இடுப்பளவுக்கு உடைத்தேன். தகரத்துக்கு மேலே கிடுகு போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். பந்து 41இலிருந்து 36க்கு இறங்கியது. உதவித் திட்டத்துச் சுவரை உடைத்தது தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று மனைவி பயந்தாள். படம் எடுத்தவர்கள் திரும்பி வந்ததே இல்லை. விசிறியும் பூட்டியிருக்கிறேன், ஆனால் அதை நம்பி இருப்பதில்லை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டிய நாட்களில் விசிறி சும்மா தொங்கியதை மறக்கவில்லை.

கொப்பியைப் பால் சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பையனிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினான். "லாப் அண்ணன், நான் துண்டில் வருகிறதைத்தானே எழுதுகிறேன்" என்றான். கொழுப்பு அன்று 4.1 வந்திருந்தது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் செருமியவர் அன்று வரவில்லை.

இப்போது ஆவணி. கச்சான் இன்னும் ஓயவில்லை. போன வருடம் இதே நாட்களில் சிவப்பிக்கு இரண்டு தரம் சினை ஊசி போட்டும் தங்கவில்லை. உடம்பு சூடாக இருக்கும் நாட்களில் கரு முதல் சில நாளிலேயே கரைந்துவிடும் என்று மருமகள் சொன்னாள். வெக்கையில் வேட்கை அறிகுறியும் மங்கலாகத்தான் தெரியும், பெரும்பாலும் இரவில். திண்ணையில் படுப்பதால் முந்தாநாள் அவள் கத்தியது எனக்குக் கேட்டது. ஊசி போடுகிறவரைக் கூப்பிடவா, அடுத்த இருபத்தொரு நாள் பொறுக்கவா? பொறுத்தால் கன்று தள்ளிப் போகும், கறவையும் தள்ளிப் போகும் என்று மனைவி கணக்குப் போடுகிறாள். அவளுடைய கணக்கும் பிழை இல்லை. நேரமும் போய்விட்டது என்று நினைத்து நேற்று விட்டுவிட்டேன். ஆனால் கறுப்பி இன்று மாலை வேலியில் உரசிக்கொண்டு நிற்கிறாள்.

கறுப்பிக்கு விடியற்காலை மூச்சு நேற்று 48. இன்று 51. தொலைபேசி மடியில் கிடக்கிறது, இன்னும் எடுக்கவில்லை.